வரி அலுவலர் லயத்து வாசலுக்கு வரட்டும்!

“நீங்கள் சபைக்கு வரி கட்டுவதில்லை; ஆகவே பாதை கேட்கவும் விளக்குக் கேட்கவும் உங்களுக்கு உரித்தில்லை.” மலைநாட்டுத் தோட்ட மக்கள் உள்ளூராட்சி மன்றங்களின் வாசலில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த மறுமொழி இது. சிலர் இதனை ஏளனமாகச் சொன்னார்கள். சிலர் சட்டப் புத்தகத்தை விரித்துக் காட்டி வருத்தத்தோடு சொன்னார்கள். எவ்வாறு சொன்னாலும் பொருள் ஒன்றுதான்: சபையின் வரிப் பதிவேட்டில் உன் வீடு இல்லை, ஆகையாற் சபையின் கண்ணுக்கு நீயும் இல்லை.

இந்த மறுமொழி உண்மையா? உண்மையாயின், அதற்குப் பொறுப்பாளி யார்? வரி கட்டாத தொழிலாளியா, அவன் குடியிருக்கும் வீட்டை எழுதிக்கொள்ளாத நிருவாகமா? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு, வரி அலுவலர் என்பவர் யார், அவருடைய கடமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். வரி அலுவலர் என்றதும் கையிற் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு பணம் வாங்க வருபவரே நம் மனக்கண்முன் தோன்றுகிறார். பணம் வாங்குவது அவர் வேலையின் கடைசிப் பகுதி. உள்ளதை உள்ளபடி எழுதுவதே அவருடைய முதற் கடமை. மலைநாட்டில் தவறிப்போனது அந்த முதற் கடமையே என்பது நமது துணிபு.

வரி கட்டாதவர் யார்?

முதலில் அந்தக் குற்றச்சாட்டையே எடுத்துக்கொள்வோம். பிரதேச சபைகள் நிலத்தின்மீதும் கட்டடத்தின்மீதும் விதிக்கும் வரி இருவகைப்படும். கட்டடங்கள் செறிந்த பகுதியென்று முறைப்படி பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில், வீட்டுக்கும் கடைக்கும் அவற்றின் ஆண்டுப் பெறுமதியைக் கணித்து விதிப்பது மதிப்பீட்டு வரி. சோலை வரி என்று பலரும் வழங்குவது இதனையே. அவ்வெல்லைக்கு வெளியே பயிர்ச்செய்கைக்கு உட்பட்ட பெருங் காணிகளுக்குப் பரப்பளவைக் கொண்டு விதிப்பது ஏக்கர் வரி. ஹற்றன் நகரத்துக் கடைக்காரர் கட்டுவது முதல்வகை. அந்நகரத்தைச் சூழ்ந்து நிற்கும் தோட்டங்கள் கட்டக் கடமைப்பட்டிருப்பது இரண்டாம் வகை.

தோட்டத்துக்கு விதிக்கப்படும் ஏக்கர் வரி எந்தப் பணத்திலிருந்து கட்டப்படுகிறது? வானத்திலிருந்து விழுந்த பணத்திலிருந்தா? பனியிலும் மழையிலும் மலைச்சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணின் உழைப்பிலிருந்தன்றோ? கம்பனியின் பெயரிற் பற்றுச்சீட்டு எழுதப்படுவதனால், அப்பணத்தை ஈட்டியவள் வரி கட்டாதவள் ஆகிவிடுவாளா?

இன்னொன்றையும் நோக்குக. 2024ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம் இந்நாட்டிற் பெறுமதிசேர் வரி பதினைந்து சதவீதத்திலிருந்து பதினெட்டுச் சதவீதமாக உயர்ந்தது. தோட்டத்துக் கடையிற் சவர்க்காரம் வாங்கும்போதும், கைத்தொலைபேசிக்குப் பணம் ஏற்றும்போதும் அந்த வரி அவளிடமிருந்து அறவிடப்படுகிறது. கொழும்பிலே மாளிகையில் வாழ்பவர் அதே சவர்க்காரத்துக்குக் கட்டும் வரியும் அதுவே. நாட்கூலிக்காரிக்கு அந்தப் பதினெட்டு எத்தனை பாரம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே “நீ வரி கட்டுவதில்லை” என்பது உண்மைக்கு மாறான கூற்று. அவள் வரி கட்டுகிறாள். அவள் கட்டியதாக எங்கும் எழுதப்படவில்லை என்பதே உண்மை.

தோட்டத்து மக்களுக்கு எழுதப்படுவதன் அருமையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு நாட் சம்பளத்துக்கே அவர்கள் “பேர்” என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செக்றோலிற் பேர் விழுந்தால் சம்பளம். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர். பேர் விழாவிட்டால் அன்று முழுதும் மலையில் நின்றதற்குச் சாட்சியே இல்லை. சபையின் வரிப் பதிவேட்டிலும் நடந்திருப்பது இதுவே: உழைப்பு விழுந்தது, பேர் விழவில்லை.

சட்டம் அலுவலரிடம் எதிர்பார்ப்பது

பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் அதிகாரம் இன்றி எந்த உள்ளூராட்சி மன்றமும் வரி விதிக்கலாகாது என்று இந்நாட்டு அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆகவே வரி அலுவலருக்கு அதிகாரம் தருவது சட்டம். சபைத் தலைவரின் விருப்பமோ, தோட்டத் துரையின் தயவோ அன்று. அந்தச் சட்டத்தின் வழியில் நடக்கும்போது அவர் ஏறவேண்டிய படிகள் பல உள்ளன.

ஆதனம் எது, அதன் உரிமையாளர் யார், அதில் இருப்பவர் யார் என்று கண்டறிந்து பதிவது முதற்படி. அதன் ஆண்டுப் பெறுமதியைக் கணிப்பது அடுத்த படி. ஆண்டுப் பெறுமதி என்பது அலுவலரின் கற்பனை அன்று. அவ்வாதனத்தை வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்பதை அடிப்படையாகக் கொண்ட கணக்கு. விலைமதிப்புத் திணைக்களத்தின் துணையோடு இது செய்யப்படுகிறது. அதன்பின் மதிப்பீட்டை அறிவித்தல் மூலம் ஆதனக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். அதனை ஏற்காதவர், அறிவித்தலிற் குறித்த காலத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். சபை அதனை விசாரித்து முடிவு கூறவேண்டும். இத்தனையும் நிறைவேறிய பின்னரே பணம் வாங்கும் வேலை வருகிறது.

ஆட்சேபத்தைக் கேட்டு முடிவு காணும் வேளையில் வரி நிருவாகம் ஏறக்குறைய நீதிபதியின் நிலையில் இருக்கிறது. ஒருதலைப்பட்சமின்றி இருபுறமும் கேட்பது, முடிவுக்குக் காரணம் சொல்வது, கட்சிக்காரனுக்கும் எதிர்க்கட்சிக்காரனுக்கும் ஒரே அளவுகோலைப் பிடிப்பது ஆகியவை அப்போது அதன் கடமைகளாகின்றன. நகரத்துச் செல்வரின் மாடி வீட்டைக் குறைத்து மதிப்பிட்டு, சந்தைக்கு அருகிலுள்ள ஏழையின் கடையைக் கூட்டி மதிப்பிடும் அலுவலர் வெறும் கணக்குப் பிழை செய்தவர் அல்லர், தராசைச் சாய்த்தவர்.

வரி நிலுவையாகுமாயின் அசையும் பொருளைக் கைப்பற்றி விற்பதற்கும் சட்டம் அதிகாரம் தருகிறது. அத்தகைய அதிகாரம் கண்ணை மூடிக்கொண்டு பிரயோகிக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்குச் சான்று தேடி நாம் வேற்று நாட்டுக்குப் போகவேண்டியதில்லை. நுவரெலியா மாவட்டத்திலேயே அது இருக்கிறது.

வலப்பனை தரும் பாடம்

1878ஆம் ஆண்டின் தானிய வரிச் சட்டம், விளைவிற் பங்கு கொடுக்கும் முறைக்குப் பதிலாக ஆண்டுதோறும் பணமாகக் கட்டும் முறையைப் புகுத்தியது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் தொகை தொகைதான். அக்காலத்திலேதான் கோப்பி நோயால் அழிந்தது. கோப்பித் தோட்டங்களை நம்பிக் கைக்காசு தேடிய கிராமத்தவருக்கு அந்த வழியும் அடைபட்டது. வரி நிலுவையாயிற்று, சட்டப்படி வயல்கள் ஏலத்துக்கு வந்தன. 1882 முதல் 1885 வரை வலப்பனைப் பகுதியிற் சிங்கள உழவர்கள் பெருந்தொகையாகத் தம் வயல்களை இழந்தனர். இழந்தவர்களுட் பலர் பசியாலும் நோயாலும் மாண்டனர்.

நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராகப் பணிபுரிந்த லெ மெசூரியர் என்ற ஆங்கிலேயர் இக்கொடுமையை ஆராய்ந்து தம் அறிக்கையில் எழுதினார். அவரும் வரி வசூலிக்கும் அரசாங்கத்தின் ஊழியரே. எனினும் எவ்வளவு பணம் வந்தது என்பதோடு அவர் நிற்கவில்லை. அந்தப் பணத்துக்காக மக்களுக்கு நேர்ந்தது என்ன என்பதையும் பதிவிலே வைத்தார். மேலிடத்துக்கு அது உவப்பான செய்தியாக இருக்கவில்லை. ஆயினும் எழுதியது எழுதியதுதான். வெளியே ஜோர்ஜ் வால் போன்றோர் நடத்திய கிளர்ச்சிக்கு அந்தப் பதிவுகள் ஆயுதமாயின. 1892இல், ஆளுநர் ஹவ்லொக் காலத்தில், தானிய வரியை நீக்க முடிவாயிற்று.

வலப்பனையில் மடிந்தவர்கள் சிங்கள விவசாயிகள். நாம் பேசுவது தமிழ்த் தொழிலாளரைப் பற்றி. ஆயினும் பாடம் ஒன்றே. குடிகளின் நிலையை எழுதாத வரி நிருவாகம் கொலைகாரனாகவும் மாறும். எழுதும் அலுவலர் ஒருவர் இருந்தால், பிழையான வரியையே நீக்க வழி பிறக்கும். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் யானையை உவமை காட்டிச் சொன்ன அறிவுரையைத் தமிழர் யாவரும் அறிவர். வயலுக்குட் புகுந்த யானை தின்பதைவிட மிதித்து அழிப்பது மிகுதி என்பதே அதன் கருத்து. வலப்பனையில் யானை வயலை மிதித்தது. தோட்டங்களிலோ அது நூறாண்டுக்கு மேலாகத் தின்றுவிட்டு, வயலே இல்லை என்று கணக்கெழுதியது.

விலக்கி வைத்த வரலாறு

1930களின் பிற்பகுதியிற் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டத்திற் குடியிருந்த தொழிலாளி கிராமச் சபைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டான். 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினரை அனுப்பியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அந்த வாக்குகளைப் பறித்தன. அந்த ஆண்டுகளிலே தேயிலை ஏற்றுமதித் தீர்வை திறைசேரியின் பெருந்தூண்களுள் ஒன்றாக இருந்தது என்பதை மறக்கலாகாது. உழைப்பின் மீது வரி உண்டு, உழைப்பவனுக்கு வாக்கில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தபோதும் கதவு முழுமையாகத் திறக்கவில்லை. அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. பின்னாளிற் குடியுரிமையும் வாக்குரிமையும் மீண்டன, மக்கள் வாக்களித்தனர், தம்மவரைச் சபைக்கு அனுப்பினர். அனுப்பப்பட்டவர் தாம் பிறந்த லயத்துக்கு ஒரு வடிகால் வெட்டவும் சட்டம் இடங்கொடுக்கவில்லை! 2018ஆம் ஆண்டிலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரித் தேர்தலில், நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு பெருஞ் சபைகளிலிருந்து பிரிந்த கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய புதிய சபைகளுக்கும் உறுப்பினர் தெரிவாயினர்.

செலவிடும் கை அவிழ்க்கப்பட்டது. எழுதும் கை இன்னும் அவிழவில்லை. தோட்டத்துக் காணி அரசுக்கு உரியது. 1990களில் நீண்டகாலக் குத்தகைக்குக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அதிலுள்ள லயங்கள் கம்பனிக் கணக்கிலே கட்டடத் தொகுதிகளாக இருக்கின்றன. சபைக் கணக்கிலே தனித்தனி வீடுகளாக இல்லை. தனி இலக்கம் இல்லாத வீட்டுக்குத் தனி முகவரியும் இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து அங்கே காத்துக் கிடக்கிறது. நீதிமன்ற அழைப்பாணை உரிய நாளிற் கைக்குக் கிட்டாமல் வழக்காளி துன்புறுவதை எம் தொழிலிற் கண்டிருக்கிறோம். ஏழு பேர்ச் காணியிற் புது வீடு பெற்றோரிடத்தும் உறுதிப் பத்திரம் கேட்டு அலையும் குடும்பங்கள் உள்ளன.

“ஏழைமீது வரி போடச் சொல்கிறீரா?”

இவ்விடத்தில் நண்பர்கள் சிலர் வெகுளக்கூடும். “வயிற்றுப்பாட்டுக்கே போதாத சம்பளக்காரன்மீது இன்னுமொரு வரியை ஏற்றவா சொல்கிறீர்?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, நேராக விடை சொல்வோம்.

பதிவது வேறு, அறவிடுவது வேறு. ஒவ்வொரு குடியிருப்பையும் இலக்கமிட்டுப் பதிவதற்கு ஒரு சதமேனும் தொழிலாளியிடம் வாங்க வேண்டியதில்லை. தோட்டக் காணிக்குரிய வரியைக் காணியை அனுபவித்து இலாபம் ஈட்டுபவரே கட்டட்டும். அந்தப் பாரத்தைச் சம்பளத்திற் கழித்துத் தொழிலாளியின் தலையிற் சுமத்த முயன்றால், அதனை எதிர்த்து முதலிற் குரல் கொடுப்பவர் நாமாக இருப்போம். நாட்கூலிக் குடும்பத்தின் வீட்டுக்கு வறுமை காரணமாக வரிவிலக்கு அளிக்கப்படல் வேண்டும். அவர்களுடைய தட்டுமுட்டுச் சாமான்மீது கைப்பற்றல் ஆணை என்றைக்கும் விழலாகாது. அதற்குச் சட்டத் திருத்தம் தேவையாயின், திருத்தத்தைக் கேட்போம். விலக்குப் பெற்ற வீடும் பதிவேட்டில் ஒரு வீடு. பதியப்படாத வீடோ, விலக்குக்கும் உரியதன்று, விளக்குக்கும் உரியதன்று.

பதியும்போது அலுவலர் நேரிலே வந்து பதிதல் வேண்டும். குஜராத்திலுள்ள பர்டோலியில் 1927ஆம் ஆண்டு பம்பாய் அரசாங்கம் நிலவரியை இருபத்திரண்டு சதவீதம் உயர்த்தியது. உயர்வுக்கு அடிப்படையான மதிப்பீடு வயலுக்குச் சென்று ஒழுங்காகச் சரிபார்த்துச் செய்யப்பட்டதன்று என்று உழவர்கள் முறையிட்டனர். 1928இல் வல்லபாய் பட்டேல் தலைமையில் வரிகொடா இயக்கம் நடந்தது. பின்னர் புரூம்பீல்டு, மாக்ஸ்வெல் என்னும் இரு அதிகாரிகள் ஊர் ஊராகச் சென்று விசாரித்தார்கள். இருபத்திரண்டு எங்கே? அவர்கள் நியாயமென்று கண்ட உயர்வு ஏறக்குறைய ஆறு சதவீதந்தான்! மேசையிலிருந்து எழுதிய கணக்குக்கும், மண்ணில் நின்று எழுதிய கணக்குக்கும் உள்ள தூரம் அது. கந்தப்பளையிலும் இராகலையிலும் உருளைக்கிழங்கும் கரட்டும் பயிரிடும் நம் விவசாயிகளும் இதனை நினைவில் வைத்தல் நன்று. மதிப்பீட்டு அறிவித்தல் கையிற் கிடைத்ததும் அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்; வாசியுங்கள்; பிழையிருப்பின் தவணைக்குள் ஆட்சேபியுங்கள்.

நாம் கேட்பவை

ஒன்று: ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லைக்குட்பட்ட தோட்டங்களிலுள்ள ஒவ்வொரு குடியிருப்பையும் இலக்கமிட்டு, குடியிருப்போர் பெயருடன் பதிவேடு தயாரிக்க வேண்டும். துரையின் காரியாலயத்திலிருந்து பட்டியல் வாங்கி எழுதுவது போதாது. அலுவலர் லயத்து வாசலுக்கு வரவேண்டும்.

இரண்டு: எந்தத் தோட்டத்திடமிருந்து எவ்வளவு ஏக்கர் வரி வந்தது, எவ்வளவு நிலுவை, அத்தோட்டத்து மக்களுக்குச் சபை செலவிட்டது எவ்வளவு என்ற கணக்கை ஆண்டுதோறும் பகிரங்கமாக ஒட்ட வேண்டும். ஏழையின் நிலுவையை நினைவூட்டத் தவறாத நிருவாகம், கம்பனியின் நிலுவையையும் அதே குரலிற் கேட்கட்டும்.

மூன்று: அறிவித்தல், பற்றுச்சீட்டு, ஆட்சேபப் படிவம் யாவும் தமிழிலும் இருத்தல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. இது யாரும் இடும் பிச்சையன்று, நாட்டின் சட்டம்.

நான்கு: ஆட்சேபங்களைத் தோட்டத்திலேயே, வேலையில்லாத நாளில் விசாரிக்க வேண்டும். வேலை நாளிற் சபைக்கு வரச் சொன்னால், நீதி கேட்பதற்கு விலையாக ஒரு பேரை இழக்கச் சொல்வதாகும்.

இவற்றை யாரிடம் கேட்பது? கொழும்பிடம் மட்டுமன்று. அமெரிக்கக் குடியேற்ற மக்கள் 1773ஆம் ஆண்டு பொஸ்ரன் துறைமுகத்திலே தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசியபோது, தம் பிரதிநிதிகள் இல்லாத மன்றம் தமக்கு வரி விதிக்கலாகாது என்றார்கள். நம் நாட்டிலும், 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் சபைகளின் காலம் முடிந்த பின்னர் ஈராண்டுக்கு மேலாகத் தெரிவான உறுப்பினர் இன்றி அதிகாரிகளே அவற்றை நடத்தினர். வரி அறவிடுவது மட்டும் நிற்கவில்லை. தேர்தல் நடத்தப்படாமை அடிப்படை உரிமை மீறல் என்று 2024ஆம் ஆண்டு ஓகத்து மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி தேர்தல் நடந்தது. இன்று அச்சபைகளில் நம் மக்களின் வாக்குப் பெற்ற தமிழ் உறுப்பினர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை நோக்கி நாம் வெளிப்படையாகக் கேட்கிறோம்: வரவு செலவுத் திட்டத்துக்குக் கை உயர்த்துமுன், உங்கள் சபையின் வரிப் பதிவேட்டைத் திறந்து பார்த்தீர்களா? உங்களுக்கு வாக்களித்த லயம் அதில் இருக்கிறதா?

படித்தவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தக் குடிமகனும் சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் முடிவு கூறவேண்டும். ஆசிரியர்களே, சட்டத்தரணிகளே, எழுதுவினைஞர்களே! உங்களிற் பலர் லயத்திலே பிறந்து, பெற்றோரின் பேர்க்காசிற் படித்தவர்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒருவர் முன்வந்து இரண்டு கேள்விகளை எழுதி அனுப்புங்கள்: எங்கள் தோட்டத்திடமிருந்து சபை பெற்ற வரி எவ்வளவு? எங்கள் தோட்டத்துக்குச் சபை செலவிட்டது எவ்வளவு? விடை வந்ததும் அதனைப் பிரட்டுக்களத்திலே மக்கள்முன் உரக்க வாசியுங்கள். விடை வராவிடின், தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யும் வரையில் ஓயாதீர்.

வரி அலுவலர்களுள் நேர்மையானவர் பலர் உளர். ஆளணிக் குறைவும், மேலிட நெருக்குதலும், தோட்ட எல்லையைத் தாண்ட அனுமதி கேட்டு நிற்கும் பழக்கமும் அவர்களைக் கட்டியிருப்பதை அறிவோம். அவர்களை நாம் பகைவராக எண்ணவில்லை. நாளை தோட்டத்துப் பதிவேடு தயாராவது அவர்கள் கையினாலேயே. அவர்கள் வரும் நாளில் நம் மக்கள் கதவைத் திறந்து, குடியிருப்போர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதுவித்து, எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேட்க வேண்டும்.